சாவு வீட்டுக் கட்டியக்காரன்

செத்தவர் வீட்டுக்குக் கோமாளியைக் கூலி பேசி அழைத்து வரும் ஊர்கள் எங்களுடையவை. பழைய வட ஆற்காட்டில், பாலாற்றங்கரையிலிருந்து ஆரணி, செய்யாறு வரைக்கும் உள்ள கிராமங்களில், கருமாதியை ஒட்டி ராத்திரிக் கூத்து வைக்கும் வழக்கம் இன்னும் முழுக்க விட்டுப்போகவில்லை. வயசாகிச் செத்த பெரியவர், வீட்டில் கொஞ்சம் வசதியும் இருக்கிறது என்றால் கூத்து ஜமாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஆடுவது 'கர்ண மோட்சம்'. கர்ணன் மோட்சம் போவதைப் பார்த்தால் செத்தவருக்கும் நல்ல கதி கிடைக்கும் என்று நம்பிக்கை. அந்தக் கர்ணனுக்கு முன்னால், பெட்டி ஆர்மோனியம் சுதி பிடித்ததும், முதலில் ஓடி வருகிறவன் கட்டியக்காரன்.

அவன் வாய்க்கு அன்றைக்கு யாரும் பூட்டுப் போட முடியாது. அரண்மனைக் காவலன், தூதன், சேடி எல்லாம் அவன்தான். துரியோதனன் சபையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெரிய மருமகனின் தொப்பைக்குத் தாவுவான். கூத்துக்குப் பேசிய தொகையில் குறைத்துக் கொடுத்தது யார், சாப்பாட்டில் ரசம் தண்ணியாக இருந்தது ஏன் என்றெல்லாம் ராஜ சபையிலேயே விசாரிப்பான். செத்தவரின் பழக்கங்களைச் சாயங்காலமே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொண்டிருப்பான். அவர் எதற்கெடுத்தாலும் சொல்லும் ஒரு வார்த்தை, பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணும் விதம், கோபம் வந்தால் துண்டை உதறும் உதறல். அதை அவன் செய்துகாட்டும்போது முன்வரிசையில் சுவரோரம் சாய்ந்திருக்கும் விதவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்த வீடு கூலி கொடுக்கிறது என்று நான் நம்புகிறேன். புருஷன் போனபின் அவள் முதல்முறை சிரிப்பது அப்போதுதான். அதை அவளாகச் செய்ய முடியாது, ஊர் பார்க்கும். ஊரையே கூட்டி வைத்து, ஒருத்தன் வேஷம் கட்டி வந்து, அவளைச் சிரிக்க வைக்க வேண்டியிருக்கிறது.

விடியற்காலையில் அதே பந்தலில் அழுகை. குந்தி போருக்கு முன் கர்ணனைத் தேடி வந்தபோது அவன் அவளிடம் கேட்ட வரங்களில் ஒன்றை வில்லிபாரதம் படித்தவர்களும் கூத்துப் பார்த்தவர்களும் மறக்க மாட்டார்கள். நான் களத்தில் விழுந்த பிறகாவது என்னை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, ஊர் அறிய, மகனே என்று அழ வேண்டும் என்கிறான். ராஜ்யத்தை வேண்டாமென்றவன் கேட்டது ஒரு ஒப்பாரியை. சாவு வீட்டு வேண்டுகோள்களில் இதைவிட விசித்திரமானதும் நியாயமானதும் எனக்குத் தெரிந்து இல்லை. அம்பு தைத்துக் கிடக்கிறவனிடம் வயோதிகப் பிராமணனாக வேஷம் போட்டு வந்து புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கும் கண்ணனின் வேண்டுகோளும் இதற்கு இணையாகாது. குந்தி ஓடி வந்து தலையை மடியில் வைக்கும் கட்டத்தில் பந்தலில் இருக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தங்கள் சாவுக்கு அழுவார்கள். ராத்திரி பத்து மணிக்குச் சிரித்தவர்கள்தான் இவர்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இந்த அழுகை இவ்வளவு சுத்தமாக வராது.

கூத்துக்காரர்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே, பிணம் வீட்டில் இருக்கும்போதே, சிரிப்பு தொடங்கிவிடுகிறது. அதற்கும் முறை இருக்கிறது. பங்காளிகள் சிரிக்கக் கூடாது. அவர்களுக்குத் தீட்டு, மொட்டை, கொள்ளி. மாமன் மச்சான் முறைக்காரர்கள் சிரிக்கலாம், சிரிக்க வைக்கலாம், சிரிக்க வைத்தே ஆக வேண்டும். பெரியவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்துத் தலைப்பாகை கட்டும்போது மச்சான் முறையில் ஒரு கிழவர் எதிரில் நின்றுகொண்டு, "இன்னாடா இது, கடன் கேக்க வந்தவன பாக்கிற மாதிரியே என்னப் பாத்துனுகீறான்" என்பார். தலைப்பாகை கட்டுகிறவர் கை நடுங்கும். அழுதுகொண்டிருந்த மகன் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அந்தக் கிழவருக்கு செத்தவர் ஐம்பது வருஷத்துச் சிநேகிதர். அவருக்கு அழத் தெரியாது என்றில்லை. அவர் முறைக்கு அந்த இடத்தில் கொடுத்திருக்கும் வேலை அது, அதைச் செய்துவிட்டுத்தான் தெருமுனைக்குப் போய் அழுவார்.

பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. ஒப்பாரியில் வெறும் துக்கம் மட்டும் இருப்பதாக நினைக்கிறவர்கள் கிட்டப் போய் உட்கார்ந்து கேட்டதில்லை. பிறந்த வீட்டார் கோடிச் சேலையோடு மேளம் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும்போது, உயிரோடு இருந்த காலத்தில் தீபாவளிக்குக்கூட ஒரு சேலை எடுத்துத் தராத அண்ணன் இப்போது எத்தனை சேலை கொண்டு வந்திருக்கிறான் என்று அவன் முகத்துக்கு நேரே ராகம் போட்டுச் சொல்லலாம். மருமகள் மாமியாரைக் கேட்கலாம், மாமியார் சம்பந்தியைக் கேட்கலாம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். அழுகிறவள் சொன்னதற்கு மறுநாள் யாரும் நியாயம் கேட்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். நடுநடுவே பிணத்திடமே விசாரணை நடக்கும். பீரோ சாவியை எங்கே வைத்தாய், சீட்டுப் பணத்தை யாரிடம் கொடுத்து வைத்தாய், ரேஷன் கார்டை அடகு வைத்தாயே எவளிடம் வைத்தாய் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டே கேட்பார்கள். கேட்கிறவளுக்கு உண்மையாகவே அந்தச் சாவி வேண்டும். சுற்றியிருப்பவர்களில் ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு, "அஞ்சறைப் பெட்டியில பாரேன்டி" என்பாள். யாரோ எழுந்து போய்ப் பார்ப்பார்கள். சில சமயம் இருக்கும்.

பிணத்தோடு எதை அனுப்புவது என்பதில் வரும் கோரிக்கைகள் தனி. எரிப்பதைவிடப் புதைப்பதே எங்கள் பக்கம் அதிகம், அதனால் எதையும் வைத்து அனுப்பலாம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். மூக்குக் கண்ணாடி கட்டாயம், அது இல்லாமல் தாத்தாவுக்கு அந்தப் பக்கம் வழி தெரியாது என்று பேத்தி அழுவாள். வெற்றிலைப் பெட்டி, ஊன்றுகோல், பல் செட்டு. குடியாத்தம் பக்கமென்றால் பீடிக் கட்டு நிச்சயம், சுருட்டியவளே மனைவியாக இருந்தால் அவள் கையால் சுருட்டிய கட்டு. அதோடு தீப்பெட்டி. குழி வெட்டியவர் மேலே நின்றுகொண்டு, "ஒரு கட்டு போதுமாம்மா" என்று கேட்பார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, அவளும் கேலியாக எடுத்துக்கொள்ள மாட்டாள். நின்றிருப்பவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

செருப்பு, ஷூ அனுப்புவதில்லை. இதை நான் பல காலம் யோசித்திருக்கிறேன். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று, சாலையின் இரண்டு பக்கமும் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும். ஐரோப்பாக்காரர்களின் காலுக்கு இங்கே அளவெடுத்துத் தைக்கிறார்கள். அப்பர் தைக்கும் பெண்கள் விடிகாலையில் கம்பெனி வேனுக்கு நிற்கிறார்கள். இவ்வளவு ஷூ செய்யும் ஊரில் செத்தவர் வெறுங்காலோடு, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய நிலையில் போகிறார். கிறிஸ்தவ வீடுகளில் கோட்டு போட்டு வெள்ளை சாக்ஸ் மாட்டுவார்கள், அதோடு சரி. ஆயுசு முழுக்கத் தைத்ததில் ஒரு ஜோடியைக் காலில் போட்டு அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் அதை விசித்திரமான ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் தேஷி என்ற கடற்கரை ஊரில், கா இனத்து மக்கள் செத்தவரின் தொழிலுக்கு ஏற்ற உருவத்தில் சவப்பெட்டி செய்கிறார்கள். மீன்பிடித்தவருக்கு மீன், கோகோ விளைவித்தவருக்குக் கோகோ காய். ஷூ வடிவத்திலும் பெட்டி உண்டு. சேத் கானே க்வேய் என்ற தச்சரின் பட்டறை அதற்குப் பேர்போனது. அந்தப் பெட்டிகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஆம்பூர் ஞாபகம்தான் வந்தது. வேலை ஒருவரின் உடம்போடு ஒட்டிக்கொண்டது என்று அந்த ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்த நாட்டிலிருந்தே வந்தவர்கள்தான் 2020 ஊரடங்கு மாதங்களில் எல்லார் போனிலும் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஆடியவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புதிதாகத் தெரிந்ததே ஆச்சரியம். பாடையைத் தூக்கியவர்கள் மேளத்துக்கு ஏற்ப முன்னே நாலடி, பின்னே இரண்டடி வைத்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த தெருக்கள் இவை. கல்யாணச் சாவு என்றால் பூத்தேர், வெடி, வழியெல்லாம் பொரியும் சில்லறையும். பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வரும்போது, எந்தப் பந்தம் பெரியது என்று அவர்களுக்குள் சண்டை. இறைத்த காசைப் பொறுக்கி, நீண்ட ஆயுசு வரும் என்று பெட்டியில் போட்டு வைப்பார்கள் பெரியவர்கள்.

இப்போது வரும் கோரிக்கைகளில் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியவை. முன்பு இன்னாருக்காகப் பிணத்தை வைத்திருங்கள் என்று கேட்க ஒரு எல்லை இருந்தது. ஐஸ் பெட்டி வந்தபிறகு அந்த எல்லை போய்விட்டது. துபாயில் இருக்கும் மகன் பெங்களூருக்கு விமானம் பிடித்து வர வேண்டும். கம்பெனியில் ஷிப்மெண்ட் நாள், பெண்களுக்கு லீவு கிடைக்கவில்லை, ஷிப்டு முடிந்து வேனை நேராகத் தெருவுக்கே விடச் சொல்லியிருக்கிறோம், அதுவரைக்கும் எடுக்காதீர்கள் என்று போன் வரும். வர முடியாதவர்களுக்கு வீடியோ கால். பெட்டியின் கண்ணாடி மேல் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மா, உன் பேரன் பேசுறான், மூஞ்ச பாரு" என்று பிணத்திடம் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அழுகை விட்டு விட்டு வரும். கண்ணாடியில் ஆவி படிந்து முகம் தெரியவில்லை என்று அவன் சொல்ல, யாரோ துண்டால் துடைப்பார்கள். "இப்ப தெர்தா? இப்ப?" பக்கத்தில் நிற்கும் சின்னப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடுவார்கள். அவர்களைத் திட்டுகிறவர்களும் உண்டு. நான் திட்ட மாட்டேன். அந்தச் சிரிப்பும் பெரியம்மா பக்கத்தில் இருந்து வளர்ந்ததால் வருவதுதான்.

படத்துக்கு நடக்கும் பாடு இன்னொன்று. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒரு மணி நேரத்தில் அடித்தாக வேண்டும், செத்தவருக்கோ தனியாக ஒரு படம் கிடையாது. வாக்காளர் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கினால் ஆளே தெரியாது. கடைசியில் ஏதோ ஒரு கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுப்பார்கள், தோள்மேல் யாருடைய கையோ இருக்கும். கடைக்காரப் பையன் அதை அழித்துவிட்டு, உடம்புக்குக் கோட்டும் டையும் மாட்டிக் கொடுப்பான். வாழ்நாள் முழுவதும் லுங்கியும் பனியனுமாகத் தொட்டியில் தோல் புரட்டிய மனிதர் தெருமுனையில் வக்கீல் போல நிற்பார். அவரைப் பார்க்க வந்த சகத் தொழிலாளி அண்ணாந்து பார்த்து, "யாருப்பா இவரு" என்று கேட்கும்போது ஒரு சிரிப்பு எழும். எனக்கு அந்தக் கோட்டின்மேல் கோபம் உண்டு. லுங்கியோடு நின்றிருந்தால் அவர் இன்னும் அழகாக இருந்திருப்பார்.

ஆம்பூரில் பாதி ஊர் முஸ்லிம்களுடையது. அங்கே மேளமில்லை, வெடியில்லை, காத்திருப்பதும் இல்லை. குளிப்பாட்டி, கபன் சுற்றி, சந்தூக்கில் வைத்துத் தோள் மாற்றித் தோள் மாற்றி வேகமாகக் கொண்டுபோவார்கள். முன்பின் தெரியாதவர்கூடக் கடையிலிருந்து இறங்கி வந்து நாலடி தோள் கொடுத்துவிட்டுப் போவார். ஜனாஸா தொழுகைக்கு வரிசை நின்றதும், மகனோ தம்பியோ திரும்பி நின்று ஒன்று சொல்வார்: மய்யித் யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு, மனம் நோகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள். கடன் பாக்கியோடு இறந்தவருக்கு நபிகள் தாமே தொழுகை நடத்தாமல் நின்றதும், அபூ கதாதா என்ற தோழர் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே நடத்தியதும் எல்லாரும் அறிந்தது. தோல் வியாபாரமோ கடனில் ஓடுவது. பச்சைத்தோல் மண்டியில் தொடங்கி, பதனிடுகிறவர், பினிஷிங் செய்கிறவர், சென்னை பெரியமேட்டு ஏஜெண்டு என்று ஒவ்வொரு கையிலும் பாக்கி தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் அந்த அறிவிப்பின்போது விழும் மௌனத்தில் நிறையக் கணக்குகள் இருக்கும்.

அந்த மௌனத்தில் நடந்ததாக ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பெரிய தோல் வியாபாரி ஒருவரின் ஜனாஸாவில் இப்படிச் சொன்னதும், பின்வரிசையிலிருந்து டீக்கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினாராம். டீக்கு எவ்வளவு பாக்கி என்று மகன் கேட்க, "பணமில்ல பாய், தினமும் என் டீய கழுநீர்னு சொல்வாரு, அத மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் கைய தூக்கினேன்" என்றாராம். வரிசை குலுங்கிப் போனது என்பார்கள். நடந்ததோ, யாரோ கட்டியதோ, அந்தக் கதை ஆம்பூரில் பிழைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மன்னிப்பைப் பெரிய வார்த்தைகளில் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல வராது. டீயின் பெயரில் கேட்டால் வரும்.

கிறிஸ்தவத் தெருக்களில் பேண்டு. கல்லறைத் தோட்டம் வரைக்கும் கீர்த்தனைதான் வாசிக்க வேண்டும் என்று சபையில் சொல்லியிருப்பார்கள். பேண்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் போகிறவர்கள்தானே. திருப்பத்தில் யாரோ ஒரு மச்சான் காதில் போய்ச் சொல்ல, அடுத்த தெருவில் எம்.ஜி.ஆர் பாட்டு புறப்படும். பாதிரியார் சற்று வேகமாக நடக்க ஆரம்பிப்பார்.

அயர்லாந்தில் 2019இல் கில்கெனி பகுதியில் ஒருவர், தான் சாகப்போவது தெரிந்ததும் தன் குரலைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனார். குழியில் பெட்டியை இறக்கியதும் உள்ளே தட்டும் சத்தமும், இருட்டாக இருக்கிறது, என்னை வெளியே விடுங்கள் என்ற கூச்சலும் ஒலிபெருக்கியில் வந்தன. சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்ததை உலகமே பார்த்தது. மனைவியும் பிள்ளைகளும் சிரித்தபடி கல்லறையிலிருந்து திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மனிதர் தன் கட்டியக்காரன் வேலையைத் தானே செய்துகொண்டார். நம்மிடம் அதற்கு மச்சானும் கூத்தாடியும் இருந்தார்கள். ஆசையை முன்கூட்டிச் சொல்லி வைக்கும் பழக்கம் நமக்குக் குறைவு, சாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே "வாய கழுவு" என்பார்கள். அதனால் நம் வீடுகளில் செத்தவரின் ஆசை செத்த பிறகுதான் விசாரிக்கப்படுகிறது.

விசாரிக்கும் இடம் படையல். பால் தெளிக்கும் நாளில் புதைத்த இடத்தில் அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வரும். ஆம்பூர்ப் பக்கம் சீரகச்சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் இல்லாத இலை கிடையாது, குவார்ட்டர் பாட்டில் ஓரமாக நிற்கும். காக்கை வந்து வாய் வைக்க வேண்டும். வராவிட்டால்தான் சங்கதி. முதலில் இலையில் குறை தேடுவார்கள். "அவருக்கு இந்த பிராண்டு புடிக்காதே." யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். "வெங்காயப் பச்சடி எங்க?" அதுவும் வரும். அப்போதும் மரத்திலிருக்கும் காக்கை இறங்காது. மெல்ல மெல்லக் கூட்டத்தில் சிரிப்பு அடங்கும். இப்போது எல்லாருக்கும் தெரியும், இது சாப்பாட்டு விஷயம் இல்லை. மூத்த மகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காக்கையைப் பார்த்துச் சொல்வான், தங்கச்சி கல்யாணத்த நான் பாத்துக்கறேம்பா. கொஞ்ச நேரம் கழித்து இளையவன் சொல்வான், அண்ணன்கூடப் பேசறேம்பா, வா. வருஷக்கணக்கில் பஞ்சாயத்து வைத்தும் வராத வார்த்தை அது. காக்கை இறங்கியதும் ஒரே சிரிப்பும் அழுகையுமாக இருக்கும். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளையும் சொல்ல வைக்க அவர்களிடம் வேறு வழி இருந்தால் கேட்டுக்கொள்வேன்.

இன்று வந்திருக்கும் புதிய வேண்டுகோள், உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள் என்பது. மூளைச்சாவு அடைந்தவர்களின் வீட்டாரிடம் அதைக் கேட்கிறார்கள், பலர் சரி என்கிறார்கள். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஒரு கூலித் தொழிலாளியின் சந்துக்கு மாவட்ட நிர்வாகமே மலர்வளையத்தோடு வருகிறது. கிடக்கும்போதும் கொடுத்த கர்ணனின் கதையைச் சாவுக்கு ஆடிய மண்ணில் இது வியப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு சிரிப்பையும் பற்றி எழுதிவிட்டு, சிரிக்க வைத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது பொய்யாகிவிடும். மச்சான் சிரிக்க வைப்பது முறை. பறையடிப்பவர் சிரிக்க வைத்ததும், விடிய விடிய ஆடியதும், வாயில் ரூபாய் நோட்டைக் கவ்வி வளைந்து எடுத்ததும் ஊர் அவர்மேல் சாதியால் சுமத்திய வேலை. பறையின் தோல் கன்றுத் தோல். நெருப்பில் காய்ச்சித்தான் அதை இறுக்குவார்கள். தோல் உரிப்பது, பதப்படுத்துவது, அந்தத் தோலை அடிப்பது எல்லாம் ஒரே சேரியின் தலையில். தொழிற்சாலை வந்தபின் தோல் வெளிநாடு போனது, லாபம் ஈட்டியது, சாவு மேளம் மட்டும் அவர்கள் கையிலேயே நின்றது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று வட தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் பறையைக் கீழே வைத்தவர்கள் அதற்காக அடியும் ஊர்விலக்கும் பட்டிருக்கிறார்கள். பேரணாம்பட்டு மண்ணின் எழுத்தாளர் அழகிய பெரியவனின் 'வல்லிசை' நாவல் பறையைச் சுற்றிய இந்த வாழ்க்கையைச் சொல்வது. ஊரார் சாவைக் கொண்டாட்டமாக்கித் தந்தவர்களின் சொந்தச் சாவுக்கு என்ன நடந்தது என்பதற்கு வாணியம்பாடி பக்கத்து நாராயணபுரம் சாட்சி. 2019 ஆகஸ்டில் அங்கே இறந்த தலித் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நிலத்துக்காரர்கள் வழி விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். காணொளி பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தப் பாடையோடு போனவர்களின் கோரிக்கை நடந்துபோக ஒரு பாதை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கோரிக்கைகளிலும் இதுதான் மிகச் சாதாரணமானது, இதுதான் மறுக்கப்பட்டது.

சிரிக்க முடியாத சாவுகள் எங்கள் பகுதியில் வேறும் உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களுக்கு இங்கே மச்சான் முறையில் யாருமில்லை. கோடி போட அண்ணன் இல்லை, சாவி எங்கே என்று கேட்க ஒருத்தி இல்லை. இப்படிப்பட்ட சாவு நடந்த தெருவில் மேளக்காரர்களும் அடியைக் குறைத்துத்தான் அடிப்பார்கள். எந்தச் சாவில் சிரிக்கலாம் என்பதைத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆண்டு அனுபவித்துப் போனவருக்குச் சிரிப்பு, வாழவிடாமல் பறிக்கப்பட்டவருக்கு இல்லை. முழுசாக வாழ்ந்தார் என்ற சான்றிதழைச் சிரிப்பாக எழுதிக் கொடுக்கும் ஊர், அதை எல்லாருக்கும் கொடுக்கும் நாள் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அந்த ஆசையால்தான் சாவு வீட்டுச் சிரிப்பை அநாகரிகம் என்று சொல்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அமைதியாகப் பெட்டியில் வைத்து, அமைதியாக வண்டியில் ஏற்றி, அரை மணியில் முடித்துவிடுவதை நாகரிகம் என்கிறார்கள். நகரத்து மின்மயானங்களில் அப்படித்தான் நடக்கிறது. செத்தவர் எப்படித் துண்டை உதறுவார் என்று யாரும் செய்துகாட்டாமலே அவர் போய்விடுகிறார்.

இப்போது பறைக் குழுக்களில் படித்த பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பெண்களும் அடிக்கிறார்கள். பண்பாட்டு விழா, கட்சி மாநாடு, கல்லூரி எல்லா இடத்துக்கும் போகிறார்கள். சிலர் சாவுக்குப் போவதில்லை என்று உறுதியாக இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. போகிறவர்கள் போனில் பேசும்போதே தங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறார்கள். சாதி பார்த்துக் கூப்பிடக் கூடாது. நாற்காலி போட வேண்டும். கூலியில் பாதியைச் சாராயமாகக் கொடுக்கிற பேச்சு வேண்டாம். நோட்டைத் தரையில் போட்டு வாயால் எடுக்கச் சொல்லக் கூடாது. சாப்பாடு எல்லாரோடும் ஒரே பந்தியில். பெரியவருக்குப் பிடித்த பாட்டு எது என்று முதல்நாளே சொன்னால் அதற்கு அடி கட்டி வருவோம். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் திரும்பிப் போகும் வேன் வாடகை உங்களுடையது.